அடிக்கிற சத்தம் கேட்கிறது, மீன் மட்டும் வருவதில்லை: இரவில் பாஸ்

ஈரச்சட்டை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாகப் பகலில் லார்ஜ்மவுத் பாஸ் (பெரிய வாய் கொண்ட நன்னீர் வேட்டை மீன்) பிடிக்கிறேன். பெரிய கில்லாடி இல்லை, ஆனால் வெறுங்கையோடு திரும்பும் நாள் குறைவு. இந்தக் கோடையில் பகல் பிடிப்பு படுத்துவிட்டது. மேல்தண்ணீர் 29 டிகிரி, போதாததற்கு நாள் முழுக்க வேகப்படகுகள். சரி, ராத்திரிக்கு மாறிப் பார்ப்போம் என்று இறங்கினேன். நான்கு இரவு போய் வந்தாகிவிட்டது. பிடித்த மீன் பூஜ்யம்.

கடியே இல்லை என்றால் மனசு ஆறியிருக்கும். கடி இருக்கிறது. அதுதான் எரிச்சல். கறுப்பு ஜிட்டர்பக்கை, அதாவது தண்ணீரின் மேலே சத்தம் போட்டு வரும் செயற்கை இரையை (லூர்), வீசி மெதுவாகச் சுற்றுகிறேன். களக் களக் என்று இருட்டுக்குள் வந்துகொண்டிருக்கும். திடீரென்று யாரோ தண்ணீரில் செங்கல்லைப் போட்ட மாதிரி ‘டொபுக்’. உடனே ராடை, அதாவது தூண்டில் கம்பை, தூக்கிச் சுண்டுகிறேன். ஒன்றுமில்லை. மூன்றாவது இரவு இப்படிச் சுண்டியதில் லூர் தண்ணீரை விட்டுக் கிளம்பி, விர்ரென்று காதோரமாகப் போய் படகுக்குப் பின்னால் விழுந்தது. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்புறம்தான் உறைத்தது. நேற்று மட்டும் ஏழு முறை அடித்தது. ஏழும் போச்சு.

இன்னொரு சிக்கல், பகலில் உள்ளங்கை மாதிரித் தெரிந்த ஏரி ராத்திரியில் வேறு ஏரியாகிவிடுகிறது. கரை எல்லாம் ஒரே கறுப்புக் கோடு. ஓர் இடத்தில் பத்து வீச்சு, அங்கிருந்து அடுத்த இடம் என்று சுற்றிக்கொண்டே இருக்கிறேன். தலைவிளக்கை அணைத்தால் முடிச்சு தெரிவதில்லை, போட்டால் பூச்சி வாய்க்குள் போகிறது. நிலா பார்த்துப் போக வேண்டும் என்றும் சொல்கிறார்கள். பௌர்ணமியா, அமாவாசையா?

என்னிடம் இருப்பது சின்ன அலுமினியப் படகு, மின்மோட்டார். ஏழடி ராட், நல்ல விறைப்பு. 30 பவுண்டு பிரெய்டு நரம்பு (பல இழை பின்னிய தூண்டில் நூல்). பெரும்பாலும் தனியாகத்தான் போகிறேன். எங்கே தப்பு செய்கிறேன்?

பழைய தக்கை எழுதியது:

தம்பி, ஒரே இரவில் ஏழு முறை அடித்தது என்றால் இடம் சரி, லூர் சரி, நேரமும் சரி. கை மட்டும்தான் தப்பு. சத்தத்துக்குச் சுண்டுகிறீர்கள். கனத்துக்குச் சுண்ட வேண்டும்.

பகலில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மீன் எழும்புவதைப் பார்க்கிறீர்கள், லூர் மறைவதைப் பார்க்கிறீர்கள், மறைந்த பிறகு கை அசைகிறது. கண்தான் உங்களைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறது. இரவில் அந்தக் காவல் இல்லை. காதுக்கு வருவது தண்ணீர் உடையும் சத்தம். அந்த நொடியில் மீன் லூரை வாய்க்குள் வாங்கியிருக்கலாம், தட்டிவிட்டிருக்கலாம், ஓரடி தள்ளி வெறும் தண்ணீரைக் கவ்வியிருக்கலாம். சத்தத்தை வைத்து இது எதையும் சொல்ல முடியாது. நீங்கள் சுண்டினால் வாங்கின மீனின் வாயிலிருந்தும் பிடுங்குகிறீர்கள், தவறவிட்ட மீனுக்கும் இரையைக் காணாமல் ஆக்குகிறீர்கள். தவறவிட்ட பாஸ் பல நேரம் அங்கேயே நின்று திரும்ப அடிக்கும். லூர் அதே வேகத்தில், அதே தாளத்தில் போய்க்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் செய்வது: ராட் நுனியைத் தாழ்த்தி லூர் இருக்கும் பக்கமே நீட்டி வைத்திருப்பேன். சத்தம் கேட்டதும் மூச்சை ஒருமுறை வெளியே விடுவேன். கை சுற்றிக்கொண்டே இருக்கும். கைப்பிடி திடீரென்று ஈரத்துணியைச் சுற்றுவது மாதிரி கனத்தால் அப்போது ராடைப் பக்கவாட்டில் சாய்ப்பேன். மேலே தூக்குவதில்லை. பக்கவாட்டில் இழுத்த லூர் தப்பினாலும் தண்ணீரோடு போகும், முகத்துக்கு வராது. இந்த மூச்சுப் பழக்கம் வர எனக்கு ஒரு கோடை முழுக்கப் பிடித்தது. கடைசியில் பகலில் கண்ணை மூடிக்கொண்டு மீன் பிடித்துத்தான் பழகினேன். கரையில் இருந்தவர்கள் நான் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன் என்று நினைத்தார்கள்.

உங்கள் சாமானும் உங்களுக்கு எதிரி. பிரெய்டு இழுபடாது, அதோடு விறைப்பான ராட். கை பதறினால் அந்தப் பதற்றம் அப்படியே முள்ளுக்குப் போய்ச் சேரும். மேல்நீர் லூருக்கு 15 பவுண்டு மோனோ நரம்பு, அதாவது ஒற்றை இழை நரம்பு, போடுங்கள். அது கொஞ்சம் இழுபடும், உங்கள் அவசரத்தைப் பாதியில் விழுங்கிக்கொள்ளும். ராடும் நுனியில் கொஞ்சம் தளர்ந்ததாக இருந்தால் நல்லது.

இடத்துக்கு வருவோம். அலைவதை நிறுத்துங்கள். ராத்திரி மீன்பிடிப்பில் பாதி வேலை பகலில் நடக்கிறது. பகலில் தூண்டிலே இல்லாமல் போய் மூன்று இடம் தேர்ந்தெடுங்கள், மூன்று போதும். ஒவ்வொன்றிலும் பாசிச்செடி எங்கே முடிகிறது, எந்த அடிமரம் லூரைப் பிடிக்கும், எங்கே ஆழம் இறங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். என் இடம் ஒன்று, ஏரிக்குள் நீண்டு இறங்கும் ஒரு கல்முனை. மேட்டில் நாலடி ஆழம், அங்கிருந்து சட்டென்று பதினைந்து அடிக்கு இறங்கிவிடும். மேட்டின் இடப்பக்கம் செடி. நெட்டை மரம் ஒன்றும் அதன் பின்னால் மலைச்சரிவில் ஒரு பள்ளமும் நேர்கோட்டில் வந்தால் நான் நிற்க வேண்டிய இடம். நிலா இல்லாவிட்டாலும் வானத்தின் பின்னணியில் அந்த இரண்டும் தெரியும். நங்கூரத்தைக் கையால் இறக்குவேன், தூக்கிப் போடமாட்டேன். அங்கிருந்து செடியின் ஓரத்துக்கு வீசினால் ரீல் கைப்பிடி 22 சுற்று. பதினெட்டாவது சுற்றில் லூர் மேட்டின் விளிம்பைத் தாண்டும். கடி பெரும்பாலும் பதினேழுக்கும் இருபதுக்கும் நடுவில்தான். கண் தெரியாத இடத்தில் எண்ணிக்கைதான் கண். ஓர் இடத்தில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். மீன்தான் நடமாடும், நீங்கள் நடமாட வேண்டாம்.

ஏன் அந்த விளிம்பு? கோடையில் ஆழமான ஏரியில் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே சூடு, கீழே குளிர்ச்சி, நடுவில் வெப்பம் சட்டென்று மாறும் ஓர் அடுக்கு. செழிப்பான ஏரிகளில் அந்த அடுக்குக்குக் கீழே ஆக்சிஜன் போதாது, ஆகவே மேல்தண்ணீர் எவ்வளவு சூடானாலும் மீன் ரொம்பக் கீழே போய் ஒளிய முடியாது. பகலில் விளிம்பை ஒட்டிப் பதுங்கியது, இருட்டினால் மேட்டுக்கு ஏறி வேட்டையாடும். செடியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பகலில் ஆக்சிஜனைக் கொடுக்கும் செடி, இருட்டில் தானும் அதை எடுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன்பு அடர்ந்த செடிக்குள் ஆக்சிஜன் ஆகக் குறைந்திருக்கும். அதனால் முன்னிரவில் செடியை ஒட்டியும், பின்னிரவில் கல்லையோ திறந்த விளிம்பையோ பார்த்தும் வீசுகிறேன். எனக்கு இது வேலை செய்கிறது.

கறுப்பு லூர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இருட்டில் பாஸின் கண்ணுக்கு நிறம் கிடையாது, வெளிச்சமும் நிழலும்தான். கீழேயிருந்து பார்க்கும் மீனுக்கு, எவ்வளவு இருண்ட இரவானாலும், வானம் தண்ணீரை விட வெளிச்சம். அதன் மேல் கறுப்புதான் பளிச்சென்று தெரியும். கிட்டே வந்ததும் உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டால் அசைவை உணர்ந்து அடிக்கிறது. அந்தக் கோடு வேலை செய்வது அதன் உடம்பு நீளத்தில் ஒரு மடங்கு, இரு மடங்கு தூரத்துக்குத்தான். அதனால்தான் நிறுத்தி நிறுத்தி இழுக்காமல் ஒரே சீராகச் சுற்றச் சொல்கிறேன். பகலில் நிறுத்துவது தந்திரம். இரவில் நிறுத்தினால் பாவம், குறி தப்பிவிடும்.

தலைவிளக்கு சிவப்பாக இருக்கட்டும். முழு இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். வெள்ளை விளக்கை ஒரு தடவை போட்டால் அத்தனையும் வீண். முடிச்சுப் போடும் வேலையே வராதபடி மூன்று ராடில் மூன்று லூர் கட்டிக்கொண்டு போங்கள்.

நிலாவைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். பல வருடம் நோட்டில் எழுதி வைத்தேன். பௌர்ணமிக்கு ஒரு பக்கம், அமாவாசைக்கு ஒரு பக்கம். புரட்டிப் பார்த்தால், நிலா இருந்த இரவுகளில் நான் அதிக நேரம் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். மீனுக்குப் பிடித்ததோ இல்லையோ, எனக்குப் பிடித்திருந்தது.

சிக்கு நூல் எழுதியது:

அண்ணன் சொன்ன கை விஷயத்தில் மறுபேச்சு இல்லை. ஆனால் ராத்திரி என்றால் மேல்நீர் லூர் என்று ஆகிவிட்டது பாருங்கள், அது எனக்கு ஒப்பாது. காற்று அடித்துத் தண்ணீர் சலசலக்கும் இரவில் ஜிட்டர்பக்கின் தாளம் எடுபடாது. 1930-களின் பிற்பகுதியில் இருந்து விற்கிறது, நல்ல சரக்குதான், அமைதியான தண்ணீருக்கு. காற்று வந்தால் நான் கறுப்பு ஸ்பின்னர்பெயிட்டுக்கு, அதாவது உலோகத் தகடு சுழலும் லூருக்கு, மாறிவிடுவேன். தகடு ஒன்றே ஒன்று, பெரியது, வட்டமான கொலராடோ தகடு. வில்லோ தகடு இலை மாதிரி ஒடுங்கியது, மினுக்கும், ஆனால் அதிராது. இருட்டில் மினுக்கி யாருக்குக் காட்ட? கொலராடோ தகடு மெதுவாகச் சுற்றினாலும் தொம் தொம் என்று மணிக்கட்டு வரை அதிரும். அந்த அதிர்வு நின்றால் செடியில் மாட்டியது அல்லது மீன். தரையை உரசும் அளவுக்கு மெதுவாக.

அதுவும் இல்லை என்றால் பத்து அங்குல ரப்பர் புழு, டெக்சாஸ் முறையில் முள்ளை உடம்புக்குள் மறைத்துக் கோத்து, முன்னால் அரை அவுன்ஸ் குண்டு. கல்லின் மேல் குண்டு உருளுவதை நரம்பில் விரலை வைத்தே படிக்கலாம். இதற்குப் பிரெய்டு நல்லது, எறிந்துவிடாதீர்கள் ஈரச்சட்டை.

புற ஊதா விளக்கு ஒன்றைப் படகின் ஓரத்தில் மாட்டி, ஒளிரும் மோனோ நரம்பு போட்டால் தண்ணீரின் மேல் நரம்பு நீலக்கயிறு மாதிரி தெரியும். புழுவை மீன் தூக்கினால் அது துள்ளுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சம்பந்தமில்லாமல் ஒன்று: ராத்திரியில்தான் பெரிய மீன் என்று நேற்று ஒருவர் அடித்துச் சொன்னார். உலக சாதனை லார்ஜ்மவுத் 1932-ல் ஜார்ஜ் பெர்ரி ஜார்ஜியாவில் பிடித்தது, 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் அதிகம். இரண்டு அவுன்ஸாவது கூட இருந்தால்தான் பழைய சாதனை முறியும் என்பது விதி. ஆகவே சமன். பத்து கிலோ மீனைப் பிடித்துவிட்டு ‘சமன்’ என்று கேட்க வேண்டியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

பழைய தக்கை எழுதியது:

ஸ்பின்னர்பெயிட் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், காற்றில் அதுதான். புற ஊதா விளக்கு மட்டும் வேண்டாம் என்பேன். ஊரில் உள்ள பூச்சி எல்லாம் படகுக்கு விருந்து வரும். அதோடு நரம்பைப் பார்க்க ஆரம்பித்தால் கை கேட்பதை நிறுத்திவிடும்.

மூன்றாம் யாமம் எழுதியது:

எல்லோரும் மீனைப் பற்றியே பேசுகிறீர்கள். ‘பெரும்பாலும் தனியாக’ என்று தம்பி எழுதியதை யாரும் படிக்கவில்லையா?

மிதவை உடுப்பு படகில் கிடக்கக் கூடாது, உடம்பில் இருக்க வேண்டும். இருட்டில் தண்ணீருக்குள் விழுந்தால் முதலில் படகு எந்தப் பக்கம் என்பதே தெரியாது. இதை ஒருமுறை விழுந்தவன் சொல்கிறேன். சிறுநீர் கழிக்க எழுந்தேன், வேறு எந்த வீரமும் இல்லை. உடுப்பு போட்டிருந்தேன், கழுத்தில் விசில் தொங்கியது, நண்பன் மறுமுனையில் இருந்தான். இதில் ஏதாவது ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் என்று இன்னும் யோசிப்பேன். உடுப்புப் பையில் ஒரு விளக்கு, நீர் புகாத உறையில் போன், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிய வேண்டும்.

படகு விளக்கு: நகரும்போது முன்னால் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. நங்கூரம் போட்டு நின்றால் நாலாபக்கமும் தெரியும் வெள்ளை மட்டும். கண் கூசுகிறது என்று அதை அணைத்துவிட்டு உட்காருபவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிரே வரும் படகுக்கு நீங்கள் ஏரியில் ஒரு பாறை. வெள்ளை விளக்கை உயரமான கம்பில் மாட்டினால் உங்கள் கண்ணில் படாது.

அப்புறம் காதோரம் பறந்த லூர். மும்முனை முள்களின் கொக்கிகளை, அதாவது முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சின்னக் கூர்களை, இன்றைக்கே இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீன் தப்பிவிடும் என்று பயப்படாதீர்கள், நரம்பு தளராமல் இருந்தால் தப்பாது. என் நண்பனுக்கு நடு ஏரியில் கட்டைவிரல் மேட்டில் முள் இறங்கியது, கொக்கி நசுக்காத முள். முதலில் முள்ளை லூரிலிருந்து கழற்றினோம், மற்ற இரண்டு முனையையும் வெட்டினோம். முள்ளின் வளைவில் தடித்த நரம்பை மடித்து மாட்டி, முள்ளின் தண்டைத் தோலோடு கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, நரம்பைத் தோலுக்கு இணையாக ஒரே வெடுக்கில் இழுத்தேன். வந்துவிட்டது. இரண்டு பேர் இருந்ததால் முடிந்தது. தனியாக இருந்தால் ஒற்றைக் கையால் இதைச் செய்து பாருங்கள். கண்ணுக்குப் பக்கத்திலோ ஆழமாகவோ இறங்கியிருந்தால் தொடக்கூடாது, நேராக மருத்துவரிடம்தான். அன்றைக்கு அவனைக் கொண்டுபோய் ஊசி போட வைத்தோம், அதையும் மறக்காதீர்கள்.

ஈரச்சட்டை எழுதியது:

அண்ணன்கள் எல்லோருக்கும் நன்றி. இரண்டு இரவு போய் வந்தேன், சித்தப்பா மகனையும் இழுத்துக்கொண்டு. கொக்கி எல்லாம் நசுக்கியாச்சு. உடுப்பு போட்டே இருந்தேன், வியர்த்து ஊற்றியது, இருக்கட்டும்.

முதல் இரவு கேவலம். பகலில் போய் ஓர் இடம் எண்ணி வைத்திருந்தேன், செடி ஓரத்திலிருந்து 19 சுற்று. முதல் சத்தத்திலேயே பழைய கை சுண்டிவிட்டது. இரண்டாவதுக்கு மூச்சு விட்டேன், ஆனால் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். அதுவும் போச்சு. மூன்றாவது சத்தம் மீனே இல்லை. வௌவால் ஒன்று நரம்பில் மோதி, ராட் நுனி படபடத்தது. நான் அலறியதைத் தம்பி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

இரண்டாவது இரவு மோனோ போட்டுப் போனேன். பதினொரு மணிக்கு மேல் காற்று முழுக்க நின்றது. எண்ணிக்கொண்டே சுற்றுகிறேன், பன்னிரண்டில் ஒரு டொபுக். மூச்சு. கனம் இல்லை. சுற்றினேன். பதினான்கில் இன்னொன்று, லூர் பக்கவாட்டில் தள்ளப்பட்டது கையில் தெரிந்தது. அப்போது கையைச் சுண்டாமல் வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். பதினைந்தில் சத்தமே பெரிதாக இல்லை. முத்தம் கொடுத்த மாதிரி ஒரு சின்ன உறிஞ்சல். கைப்பிடி கனத்தது. ஈரத்துணி! சாய்த்தேன்.

அது குதிப்பதைப் பார்க்க முடியவில்லை, கேட்கத்தான் முடிந்தது. நரம்பு ஒரு பக்கம் போகிறது, மீன் வேறு பக்கம் விழும் சத்தம் வருகிறது. படகுக்கு அருகில் வந்ததும் தம்பி சிவப்பு விளக்கைக் காட்டினான். அந்த வெளிச்சத்தில் மீனும் தண்ணீரும் ஒரே நிறம், வெள்ளை வயிறு மட்டும் புரண்டு புரண்டு தெரிந்தது. 46 சென்டிமீட்டர். பகலில் இதைவிடப் பெரியது பிடித்திருக்கிறேன், ஆனால் கை இவ்வளவு நடுங்கியதில்லை.

ஒரு சந்தேகம். விட்டபோது கொஞ்ச நேரம் பக்கவாட்டில் சாய்ந்தபடியே கிடந்தது, அப்புறம்தான் போனது. நான் ஏதாவது தப்பாகச் செய்தேனா? படம் எடுக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

பழைய தக்கை எழுதியது:

இரண்டு நிமிடம் அதிகம் தம்பி. சுடுதண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, போராடி ஏற்கெனவே களைத்திருக்கும். முள்ளைத் தண்ணீரில் வைத்தே கழற்றுங்கள். கையை நனைத்துக்கொண்டு, கீழ்த்தாடையை ஒரு கையிலும் வயிற்றை ஒரு கையிலும் தாங்கி, ஒரு படம், உடனே உள்ளே. உங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு முட்டும்போது அதுவும் தண்ணீருக்குப் போக வேண்டிய நேரம் என்று கணக்கு. விடும்போது முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம், நிமிர்த்திப் பிடித்திருந்தால் போதும். அதுவாகவே வாலை அடித்துக்கொண்டு போகும்.

பதினைந்தாவது சுற்றில் அடித்தது என்றீர்களே, அடுத்த முறை படகை நாலடி பின்னால் நிறுத்திவிட்டு அதே இடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணிப் பாருங்கள். அங்கே அடியில் ஏதோ இருக்கிறது. பகலில் போய்ப் பார்த்து எழுதுங்கள்.